டச்சுக் குடியேறியின் வம்சத்தைத் தேடுவது எப்படி: நியூ நெதர்லாந்து மூதாதையருக்கான முழு வழிகாட்டி

நியூயார்க், நியூ ஜெர்சிப் பக்கம் பல தலைமுறை வாழ்ந்த ஒரு குடும்பத்தில் கோனோவர், வூர்ஹீஸ், வாண்டர்பில்ட், டென் ஐக் போன்ற பெயர் ஒன்று தட்டுப்பட்டால், அதன் ஏதோ ஒரு கிளை 1624க்கும் 1664க்கும் இடையில் வந்திறங்கிய, நியூ நெதர்லாந்து என்ற டச்சுக் குடியேற்றத்தில் போய் முடிய நல்ல வாய்ப்பு உண்டு. எங்கள் ஊர் நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் தன்னார்வலராக உட்காரும்போது, இந்தத் தேடலுக்காக நம்மவர்களும் வருகிறார்கள். மருமகள் அந்த வம்சம், பேத்திக்கு அம்மா வழியில் நாலு தலைமுறை தெரியும், அதற்கு மேல் எப்படிப் போவது என்பார்கள்.

பெரும்பாலோர் தடுக்குவது ஒரே இடத்தில். பெயரை எடுத்துக்கொண்டு நேரே ஆம்ஸ்டர்டாம் பதிவுகளுக்குள் போய்விடுகிறார்கள். அங்கே ‘யான் யான்ஸ்’ என்ற பெயரில் நூற்றுக்கணக்கானவர்கள் இருப்பார்கள். ஒருவரைப் பிடித்துத் தாத்தாவாக்கி விடுவார்கள். கடலைத் தாண்டுவது இந்த வேலையின் கடைசிக் கட்டம். அதற்கு முன் அமெரிக்கக் கரையில் முடிக்க வேண்டியது ஏராளம்.

1. தொடங்கும் முன்

ஒரு எக்செல் தாள் போதும். பத்திகள் ஐந்து: பதிவில் எழுதியுள்ளபடி பெயர், பதிவில் உள்ளபடி தேதி, ஊர், உடன் குறிப்பிடப்பட்டவர்கள், எங்கே பார்த்தீர்கள். ‘உள்ளபடி’ என்பதைக் கறாராகக் கடைப்பிடியுங்கள். எழுத்துக்கூட்டலைத் திருத்தி எழுதினால், இரண்டு வெவ்வேறு ஆட்கள் ஒரே ஆளாகிவிடுவார்கள். பிறகு பிரிக்கவே முடியாது.

பழைய பதிவேடுகளின் படங்களைத் திரட்டி வைத்திருக்கும் ஃபேமிலி சர்ச் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள். சில படங்கள் வீட்டுக் கணினியில் திறக்காது. அந்தத் தளத்தோடு இணைந்த நூலகத்தில் திறக்கும். உங்கள் ஊர் நூலகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

குடும்பத்தின் மூத்தவர்களிடம் பழைய பைபிள் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அமெரிக்கக் குடும்பங்கள் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அதன் நடுப்பக்கங்களில் எழுதிவைப்பது வழக்கம். கூடவே பைபிள் அச்சான ஆண்டையும் பாருங்கள். அச்சான ஆண்டுக்கு முந்தைய தேதிகள் ஒரே மையில், ஒரே கையில் இருந்தால், அவை நினைவிலிருந்தோ வேறு ஏட்டிலிருந்தோ பிற்பாடு எழுதியவை.

2. இன்றிலிருந்து 1850 வரை பின்னோக்கி

அமெரிக்கக் கூட்டரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790 முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 72 ஆண்டுகள் கழித்தே பொதுமக்கள் பார்வைக்கு விடுவார்கள் என்பதால், இப்போதைக்கு 1950 வரை பார்க்கலாம். அங்கிருந்து ஒவ்வொரு பத்தாண்டாகக் கீழே இறங்குங்கள். ஒரு பத்தாண்டைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மறுமணங்களும் குழந்தை மரணங்களும் ஒளிந்திருப்பது அந்த இடைவெளிகளில்தான்.

1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீவிபத்தில் போய்விட்டது. 1880க்கும் 1900க்கும் இடையே உள்ள இந்த 20 ஆண்டுப் பள்ளத்தை மாநிலக் கணக்கெடுப்புகளைக் கொண்டு நிரப்பிக்கொள்ளலாம்.

வீட்டிலுள்ள எல்லோர் பெயரையும் எழுதத் தொடங்கியது 1850இல். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதை எழுதியது 1880இல். ஆகவே 1850 ஏட்டில் ஒரே கூரையின் கீழ் இருக்கும் பிள்ளைகளையெல்லாம் மகன், மகள் என்று முடிவுகட்டாதீர்கள். தங்கையின் பிள்ளையாகவும் இருக்கலாம், முதல் மனைவியின் பிள்ளையாகவும் இருக்கலாம்.

3. 1850க்கு முன்: உயிலும் ஓய்வூதியமும்

இதற்கு முந்தைய கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். நியூ ஜெர்சியில் இன்னும் மோசம்: 1790 முதல் 1820 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளும் ஏறக்குறைய முழுதாகத் தொலைந்துவிட்டன. இங்கே கைகொடுப்பது உயில். அதில் மணமான மகள்கள் கணவன் பெயரோடு வருவார்கள். வேறெங்கும் கிடைக்காத இணைப்பு அது.

அமெரிக்கப் புரட்சிப் போரில் பங்கேற்ற வீரரின் விதவை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருந்தால், அந்தக் கோப்பை விடாதீர்கள். தான் அவருடைய மனைவி என்று நிரூபிக்க, குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து இணைத்து அனுப்பிய பெண்கள் உண்டு. அந்தப் பக்கம் இன்னும் கோப்பில் இருக்கும்.

4. ஆள் காணாமல் போனால் சபையைத் தேடுங்கள்

டச்சு விவசாயக் குடும்பங்கள் தனித்தனியாக இடம்பெயரவில்லை. உறவும் சபையுமாகச் சேர்ந்தே போனார்கள். லாங் ஐலண்டிலிருந்து நியூ ஜெர்சியின் ராரிட்டன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கும் மன்மத் கவுண்டிக்கும், அங்கிருந்து பென்சில்வேனியாவின் கானவேகோவுக்கும், பிறகு கென்டக்கிக்கும் என்று கூட்டம் கூட்டமாக நகர்ந்தார்கள். உங்கள் ஆள் 1770 வாக்கில் நியூ ஜெர்சிப் பதிவில் மறைந்துவிட்டால், அவருடைய மைத்துனர்களும் பக்கத்து நிலக்காரர்களும் எந்தச் சபைப் பதிவில் அடுத்துத் தலைகாட்டுகிறார்கள் என்று பாருங்கள். அவரும் அங்கேதான் இருப்பார்.

ஊர்ப் பெயர்கள் மாறியதும் குழப்பும். பெவர்வைக் இன்றைய ஆல்பனி. வில்ட்வைக் அல்லது எசோபஸ் என்பது கிங்ஸ்டன். மிட்வவுட் ஃப்ளாட்புஷ் ஆனது, நியூ அமர்ஸ்ஃபூர்ட் ஃப்ளாட்லேண்ட்ஸ் ஆனது, நியூ ஜெர்சியின் பெர்கன் கிராமம் இன்று ஜெர்சி சிட்டிக்குள் அடங்கிவிட்டது. தேடுபெட்டியில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

5. தேவாலயப் பதிவேடு: இங்கே நிதானமாக உட்காருங்கள்

மொத்தத் தேடலின் உயிர்நாடி இதுதான். நியூ ஆம்ஸ்டர்டாம் (இன்றைய நியூயார்க் நகரம்) சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானப் பதிவும் திருமணப் பதிவும் 1639 முதல் கிடைக்கின்றன. கிங்ஸ்டனுக்கும் புரூக்ளினுக்கும் 1660 முதல், ஃப்ளாட்புஷுக்கு 1677 முதல், ஆல்பனிக்கு 1683 முதல் உண்டு. ஆல்பனியின் அதற்கு முந்தைய ஏடுகள் இல்லாததால், அந்த ஊர்க்காரர்களுக்கு நீதிமன்ற ஏட்டையே நம்ப வேண்டியிருக்கும்.

ஒரு ஞானஸ்நானப் பதிவில் நான்கு செய்திகள் வரும்: தேதி, பெற்றோர், குழந்தை, சாட்சிகள். புதியவர்கள் முதல் மூன்றைக் குறித்துக்கொண்டு சாட்சிகளை விட்டுவிடுவார்கள். தங்கச் சுரங்கமே அந்தக் கடைசிப் பத்திதான். சாட்சி நின்றவர்கள் பெரும்பாலும் தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தி, மாமா. ஒரு தம்பதியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாட்சி நின்றவர்களை ஒரே தாளில் அடுக்கினால், கணவன் வீட்டாரும் மனைவி வீட்டாரும் மாறிமாறி நிற்பது தெரியும். தந்தை பெயர் தெரியாத பெண்ணுக்குப் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

தாயின் பெயர் அவளுடைய சொந்தப் பெயராகவே இருக்கும். டச்சுப் பெண்கள் கல்யாணத்துக்குப் பின் கணவன் பெயரை ஏற்கவில்லை. 1664இல் ஆங்கிலேயர் நியூ நெதர்லாந்தைக் கைப்பற்றிய பிறகு, ஆங்கிலச் சட்டப்படி எழுதிய பத்திரங்களில் அவள் வெறும் ‘மனைவி’ ஆகிவிடுகிறாள். சபை ஏட்டில் மட்டும் பழைய வழக்கம் இன்னும் பல்லாண்டு நீடித்தது. ஆகவே பத்திரத்தில் பெண்ணின் பெயர் கிடைக்காவிட்டால் சபைக்குத் திரும்புங்கள்.

திருமணப் பதிவில் சுருக்கெழுத்துகள் வரும். ‘ஜே.எம்.’ என்றால் இதுவரை மணமாகாத ஆண், ‘ஜே.டி.’ என்றால் மணமாகாத பெண், ‘வெட்.’ என்றால் துணையை இழந்தவர். இது தெரியாமல் விதவையின் முதல் கணவன் பெயரை அவளுடைய தந்தை பெயர் என்று எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். ‘ஜே.எம். வான்’ என்பதற்கு அடுத்து வரும் ஊர், அவர் பிறந்த ஊர். கடல் தாண்டும்போது தேவைப்படும் முதல் சாவி அது. தனிப் பத்தியில் குறித்து வையுங்கள்.

சில ஏடுகளில் தேதி இரண்டு இருக்கும். மூன்று ஞாயிறு ஓலை (சபையில் படிக்கும் திருமண அறிவிப்பு) வாசிப்பதற்காகப் பதிந்த நாள் ஒன்று, கல்யாணம் நடந்த நாள் இன்னொன்று. ஓலை ஒரு சபையிலும் கல்யாணம் இன்னொரு சபையிலும் நடந்தால் இரண்டு ஏட்டிலும் பெயர் வரும். அதைப் பார்த்து இரண்டு கல்யாணம் என்று எழுதிவிடாதீர்கள்.

ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக எழுதுவதும் தவறு. ஊரில் போதகர் இருந்தால் சில நாளுக்குள் நடந்துவிடும். இல்லாத ஊரில், எப்போதாவது வரும் போதகருக்காகக் காத்திருந்து ஒரே நாளில் ஒரு வரிசைக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். அந்தப் பக்கத்தில் அதே தேதியில் எத்தனை பெயர் இருக்கிறது என்று பார்த்தாலே எது நடந்தது என்று புரிந்துவிடும். அச்சான பட்டியலோடு நிறுத்தாமல் ஏட்டின் படத்தைத் திறந்து பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

6. பெயர்கள்: பாதிப் பேர் வழி தவறுவது இங்கேதான்

17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம்முடைய இனிஷியலைப் போல அப்பா பெயர்தான் கூட வரும், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். 1620களில் வந்த வொல்ஃபர்ட் கெரிட்ஸ் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். கெரிட்டின் மகன் வொல்ஃபர்ட். அவருடைய மகன் கெரிட் வொல்ஃபர்ட்ஸ், இன்னொரு மகன் யாகோப் வொல்ஃபர்ட்ஸ். அமர்ஸ்ஃபூர்ட் அருகே அவர்களுக்குத் தொடர்பிருந்த பண்ணையின் பெயரால் ‘வான் கௌவன்ஹோவன்’ என்றும் எழுதிக்கொண்டார்கள். அந்த வம்சத்தில் ஒரு கூட்டம் இன்று கோனோவர், இன்னொரு கூட்டம் கௌவன்ஹோவன். ‘கோனோவர்’ என்று மட்டும் தேடுகிறவருக்கு 1700க்கு முன் ஒன்றும் சிக்காமல் போவது இதனால்தான்.

எனவே, ஒரு தலைமுறை மேலே ஏறும்போதெல்லாம் தேடும் பெயரை மாற்ற வேண்டும். ஹென்ட்ரிக்கின் மகன் யான் உங்கள் ஆள் என்றால் ‘யான் ஹென்ட்ரிக்ஸ்’ என்று தேடுங்கள். அவன் பிள்ளைகளை ‘யான்ஸ்’, ‘யான்சன்’, ‘யான்ஸ’ என்று எல்லா வடிவத்திலும் தேடுங்கள். நிலையான குடும்பப் பெயர் ஆங்கிலேயர் ஆட்சியில்தான் படிப்படியாக வேரூன்றியது. அப்போதும் அண்ணன் அப்பா பெயரையும், தம்பி ஊர்ப் பெயரையும் நிரந்தரமாக்கிக்கொண்டதுண்டு.

‘வான்’ இருந்தால் பிரபு வம்சம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். எந்த ஊர்க்காரர் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வாண்டர்பில்ட் குடும்பத்தின் மூதாதை யான் ஆர்ட்ஸன், உட்ரெக்ட் அருகேயுள்ள டி பில்ட்டிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவர். கோடீஸ்வரர்கள் பின்னால் வந்தார்கள்.

முதல் இரண்டு மகன்களுக்குத் தாத்தாக்கள் பெயர், முதல் இரண்டு மகள்களுக்குப் பாட்டிகள் பெயர் என்ற வழக்கம் வலுவாக இருந்தது. குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயர் வரும். விதவை மறுமணம் செய்தால் முதல் குழந்தைக்கு இறந்த கணவன் பெயர் வைப்பதும் உண்டு. பெற்றோரைத் தேடும்போது இது நல்ல துப்பு, ஆனால் ஆதாரம் ஆகாது. துப்பு காட்டும் திசையில் போய் ஒரு பதிவைக் கொண்டுவர வேண்டும்.

செல்லப் பெயரும் ஆங்கிலமயமும் கவனம்: கிளாஸ் பிறகு நிக்கோலஸ் ஆவார், டிரெய்ன்ச்ய கேத்தரின் ஆவாள், தூனிஸ் ஆன்டனி ஆவார், டிர்க் ரிச்சர்ட் ஆவார். டிர்க்குக்கும் ரிச்சர்டுக்கும் ஒலியில் ஒட்டுறவே இல்லை. எழுத்தர்கள் அப்படி எழுதிப் பழகிவிட்டார்கள்.

7. தேதிக் கணக்கு

ஹாலந்து மாகாணம் 1583லேயே புதிய (கிரிகோரியன்) நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தும் அதன் குடியேற்றங்களும் 1752இல்தான் மாறின. 17ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். போதாக்குறைக்கு ஆங்கிலேயரின் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. அதனால் 1664க்குப் பின் ஜனவரி முதல் மார்ச் 24 வரை உள்ள தேதிகளில் ‘1685/6’ என்று இரட்டை ஆண்டு வரும். இதை ஒற்றை ஆண்டாகச் சுருக்காதீர்கள். சுருக்கினால் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகக் கணக்கு வரும். அந்தப் பழி வீண்.

‘7பெர்’ என்று இருந்தால் செப்டம்பர், ‘8பெர்’ என்றால் அக்டோபர், ‘10பெர்’ என்றால் டிசம்பர். இவற்றை ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர் என்று ஏற்றியிருக்கும் குடும்ப மரங்கள் கணக்கற்றவை.

8. எப்போது வந்தார்?

‘கப்பல் பட்டியல் எங்கே?’ என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. 1621இல் தொடங்கிய டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் பழைய காகிதங்களில் பெரும்பகுதியை 1821இல் கழிவுத்தாளாக விற்றுவிட்டார்கள். பயணக் கட்டணக் கணக்கு வழியாக 1654 முதல் 1664 வரையிலான பயணிகளின் பெயர்கள் ஓரளவு கிடைக்கின்றன. அதற்கு முன் வந்தவர்களுக்குச் சுற்றுவழிதான்.

ஆல்பனிப் பக்கக் குடும்பம் என்றால் முதலில் ரென்ஸலர்ஸ்வைக் பண்ணையாட்சியின் காகிதங்கள். ஆம்ஸ்டர்டாம் நகை வியாபாரி கிலியான் வான் ரென்ஸலர், அங்கே தான் ஒருமுறைகூடக் காலடி வைக்காமலே கடிதங்கள் வழியாக நடத்திய குடியேற்றம் அது. யாரை என்ன கூலிக்கு அனுப்பினார் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. புரூக்ளின் பக்கம் என்றால் 1687 விசுவாசப் பிரமாணப் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இந்த நாட்டுக்கு வந்து எத்தனை ஆண்டு என்ற எண் இருக்கும். இங்கேயே பிறந்தவருக்கு அப்படியே குறித்திருப்பார்கள். 1687இலிருந்து கழித்தால் வந்த ஆண்டு கைக்கு வந்துவிடும். ஒன்றிரண்டு ஆண்டு முன்பின் இருக்கலாம்.

அரசின் டச்சு ஆவணங்கள் ஆல்பனியில் உள்ள நியூயார்க் மாநில ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1911 மார்ச் தீவிபத்தில் அவை கீழ்த்தட்டில் இருந்தன. மேலே இருந்த ஆங்கில ஏடுகள் எரிந்து இவற்றின் மேல் சரிந்து காப்பாற்றின. ஓரங்கள் மட்டும் கருகிப்போயின. அதனால் மொழிபெயர்ப்பில் பாதியில் அறுந்து நிற்கும் வரிகளைக் காண்பீர்கள். விடுபட்ட இடத்தில் உங்களுக்கு வேண்டிய பெயரை நிரப்பிக்கொள்ளாதீர்கள். 1974 முதல் நடந்துவரும் புதிய மொழிபெயர்ப்புகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆள் பெயர் அட்டவணையில் தொடங்குங்கள், ஆனால் ‘வான்’ பெயரில் மட்டும் தேடாமல் அப்பா பெயரிலும் தேடுங்கள்.

மறுமணம் நடந்த குடும்பம் என்றால் நியூ ஆம்ஸ்டர்டாமின் அனாதைப் பிள்ளைகள் மன்றத்து ஏட்டையும் பாருங்கள். விதவையோ மனைவியை இழந்தவரோ மறுபடி மணக்கும்முன், முதல் தாரத்துப் பிள்ளைகளின் பங்கை எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளின் பெயர் வரிசையாக ஒரே இடத்தில் கிடைக்கும்.

9. இப்போது கடலைத் தாண்டலாம்

இந்த மூன்றில் குறைந்தது இரண்டு கையில் இருக்க வேண்டும்: பிறந்த ஊர், தந்தை பெயர், மனைவி பெயர். ஒன்று மட்டும் இருந்தால் பொறுங்கள், ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

ஆம்ஸ்டர்டாம் நகர ஆவணக் காப்பகத்தின் திருமண அறிவிப்புப் பதிவுகள் 1565 முதல் 1811 வரை அட்டவணையோடு இணையத்தில் உள்ளன. மணமக்களின் வயது, ஊர், குடியிருந்த தெரு, கூட வந்தவர் எல்லாம் அதில் வரும்.

ஒரு உதாரணம். யோரிஸ் ரப்பல்ய, கேட்டலினா டிரிக்கோ என்ற தம்பதி 1624 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமில் மணந்து, உடனே கப்பலேறினார்கள். அவர்களுடைய மகள் சாரா 1625 ஜூனில் பிறந்தாள். நியூ நெதர்லாந்தில் பிறந்த முதல் ஐரோப்பியப் பெண் குழந்தை அவள் என்பார்கள். திருமண அறிவிப்பில் யோரிஸுக்கு வயது 19, ஊர் வலன்சியன். கேட்டலினாவுக்கு வயது 18. 1688இல் முதியவளான கேட்டலினா கொடுத்த வாக்குமூலம் ஒன்றும் இருக்கிறது: வயது சுமார் 83, பாரிஸில் பிறந்தேன், 1623இல் வந்தேன் என்கிறாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயது பொருந்துகிறது, ஆக அதே பெண்தான். வந்த ஆண்டு ஒன்று பிசகுகிறது. 64 ஆண்டு கழித்த நினைவுக்கு அது மன்னிக்கத்தக்கது. ‘பாரிஸ்’ என்பதோ, அந்த அறிவிப்பில் ‘பிரிஸ்’ என்றிருக்கும் வல்லோன் (பிரெஞ்சு பேசும் மக்கள்) பகுதிச் சிற்றூராகக் கொள்ளப்படுகிறது. இரண்டு பதிவுகள் முரண்பட்டால், நிகழ்ச்சி நடந்த நாளில் எழுதியதற்கு எடை அதிகம். ஆனால் மற்றதைத் தூக்கியெறியாமல் இரண்டையும் குறியுங்கள்.

இந்தத் தம்பதி டச்சுக்காரர்களே அல்ல என்பதையும் கவனித்திருப்பீர்கள். நியூ நெதர்லாந்துக்கு வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஜெர்மன், வல்லோன், நார்வே, டென்மார்க் பக்கத்தவர்கள். பிறந்த ஊர் நெதர்லாந்து வரைபடத்தில் இல்லை என்றால் எல்லைக்கு வெளியே பாருங்கள். உள்நாட்டுக் கிராமம் என்றால், நெதர்லாந்துப் பதிவுகளைத் தேட உதவும் ஓப்பன் ஆர்க் தளத்தில் தேடலாம். பல கிராமச் சபைகளின் ஏடுகள் 1650க்குப் பிறகே தொடங்குகின்றன. அப்படிப்பட்ட ஊரில் நிலப் பதிவும் நோட்டரிப் பத்திரமும்தான் மிச்சம்.

10. பொய் வம்சாவளிகள்

இணையத்தில் தயாராகக் கிடைக்கும் மரத்தில் அரச வம்சம் தென்பட்டால் உஷார். அன்னெக்க யான்ஸ் என்ற பெண்ணுக்கு நடந்தது இது. அவர் குடும்பத்துக்கு மன்ஹாட்டனில் ஒரு பண்ணை இருந்தது. வாரிசுகள் 1671இல் அதை விற்றபோது ஒரு கிளை கையெழுத்திடவில்லை. அந்த நிலம் பிறகு 1705இல் டிரினிட்டி தேவாலயத்துக்குப் போனது. வழக்குகள் தலைமுறை தலைமுறையாக நடந்து தோற்றன. ஆனாலும் ‘நீங்களும் ஒரு வாரிசு’ என்று சொல்லிப் பணம் வசூலிக்கவும், ஆரஞ்சு இளவரசர் வில்லியமின் பேத்தி என்று வம்சாவளி ஜோடிக்கவும் ஆட்கள் இருந்தார்கள். பதிவுகள் காட்டுவது வேறு: அவர் நார்வேயின் ஃப்ளெக்கரோய் தீவுக்காரி, தாய் ஒரு மருத்துவச்சி. அந்த இளவரசியை இன்றும் பல மரங்கள் சுமந்துகொண்டிருக்கின்றன.

ஒரு மரத்தை நம்பலாமா என்று பார்க்க, ஒவ்வொரு தாய்க்கும் பிள்ளைக்கும் வயது வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள். ஒன்பது வயதில் தாயானவர்களும் அறுபதில் பெற்றவர்களும் வரிசையாக வந்து நிற்பார்கள்.

11. டி.என்.ஏ. பரிசோதனை

கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பரிசோதனை பத்துப் பன்னிரண்டு தலைமுறைக்கு உதவாது. பத்தாவது தலைமுறையில் 1,024 மூதாதையர் இடங்கள். அவர்களில் பலரிடமிருந்து உங்களுக்கு ஒரு துண்டும் வந்திருக்காது. தந்தைக்குத் தந்தையாக நேரே ஆண்வழி என்றால் ஒய் குரோமோசோம் பரிசோதனை பயன்படும். ஒரே மூதாதையின் வெவ்வேறு மகன்கள் வழியில் வந்த இருவர் செய்து ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள் உண்டு.

12. எழுதி வைப்பது

மரத்தை வரையும்போது பதிவு உள்ள இணைப்புக்கு முழுக்கோடு, பெயரிடும் வழக்கத்தையோ சாட்சிகளையோ வைத்து ஊகித்ததற்குப் புள்ளிக்கோடு. புள்ளிக்கோட்டின் பக்கத்தில் ஏன் அப்படி ஊகித்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். நாளைக்கு இன்னொருவர் அதே காகிதத்தை எடுக்கும்போது எங்கே தோண்ட வேண்டும் என்று தெரியும். தேடிப் பார்த்து எதுவும் கிடைக்காத ஏடுகளையும் பட்டியலில் சேருங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து நீங்களே அதே ஹாக்கன்சாக் (நியூ ஜெர்சி) சபைப் பதிவேட்டை முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.